மூலமும் படியும்: ஒரு நீராவி எஞ்சின் மீண்டும் பிறந்த வரலாறு

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியிலுள்ள டெவன் மாவட்டத்தில், பார்ன்ஸ்டபிள் என்னும் சந்தை நகரையும் லின்டன் என்னும் கடலோரக் குன்றூரையும் இணைத்து ஓடிய சிறிய இரயில், 1935 செப்டம்பர் 29 அன்று தன் கடைசிப் பயணத்தை முடித்தது. அன்று ஒன்பது பெட்டிகள் கோக்கப்பட்டிருந்தன. அவற்றை யோ, லியூ என்னும் இரண்டு எஞ்சின்கள் சேர்ந்து இழுத்தன. இரயில் நின்றபின், பார்ன்ஸ்டபிள் நிலையத்தில் தண்டவாளம் முடியும் இடத்துத் தடுப்புக்கட்டையின்மேல் ஒரு மலர்வளையம் வைக்கப்பட்டிருந்தது. அதனோடு ஓர் அட்டை. இது இறந்துவிடவில்லை, ஒருவேளை உறங்கிக்கொண்டிருக்கலாம் என்ற பொருள்பட, விவிலியத்தின் சாயலில் அதில் எழுதியிருந்தது. வைத்தவர் அவ்வூர்ப் பக்கம் வாழ்ந்த கடற்படை அதிகாரி ஒருவர்.

கையறுநிலை பாடுவதில் தமிழர் நாம் எவருக்கும் பின்தங்கியவரல்லர். ஆனால் இரங்கலை மலர்வளையத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இறந்த பொருளைத் தம் கையாலேயே மீண்டும் செய்து, நெருப்பிட்டு, நீரூற்றி, ஓட்டியும் காட்டியவர்களின் வரலாறு இது. அதைச் சொல்லப் புகுமுன், இறந்தது யாது என்பதைக் காண வேண்டும்.

அந்தப் பாதையைக் கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர் ஒரு பத்திரிகை அதிபர் என்பது நம் போன்ற வட்டத்தாருக்குச் சுவையான செய்தி. சர் ஜார்ஜ் நியூன்ஸ் 1881இல் 'டிட்-பிட்ஸ்' என்னும் வார இதழைத் தொடங்கிப் பெரும்பொருள் ஈட்டியவர். 1891இல் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழைத் தொடங்கியவர். ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதைகள் உலகுக்கு அறிமுகமானது அந்த ஸ்ட்ராண்டின் பக்கங்களில்தான். லின்டனின் அழகில் மயங்கிய அவர், கடற்கரையிலுள்ள லின்மவுத்தையும் மேலேயுள்ள லின்டனையும் இணைத்து, நீரின் எடையால் இயங்கும் செங்குத்து இரயில் ஒன்று 1890இல் அமையப் பொருளுதவி செய்தார். அடுத்து, வெளியுலகிலிருந்து லின்டனுக்கு வர ஓர் இருப்புப்பாதை வேண்டும் என்று விரும்பினார். ஆனால் தங்கள் ஊரின் அமைதி குலையக்கூடாது என்பதால் நிலையத்தை ஊருக்கு வெளியே, கண்ணில் படாத உயரத்தில் அமைக்கச் செய்தனர். பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு அந்த மேட்டில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. இரயில் வேண்டும், ஆனால் இரயில் தெரியக்கூடாது! பின்னாளில் இப்பாதை நட்டப்பட்டதற்கு இந்த ஆசையும் ஒரு காரணம் என்றே கொள்ள வேண்டும்.

எக்ஸ்மூர் என்னும் மேட்டுநிலத்தின் மடிப்புகளில் அகலப் பாதை அமைத்தால் குன்றுகளை அறுக்க வேண்டும், பள்ளங்களை மேவ வேண்டும். குறுகிய பாதையோ மலையின் வளைவோடு தானும் வளையும். ஆகவே தண்டவாளங்களுக்கிடையே 1 அடி 11½ அங்குலமே இடைவெளியுள்ள நேரோ கேஜ் பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு சிறுவன் கால்களை அகட்டித் தாண்டிவிடக்கூடிய இடைவெளி அது. பாதையின் நீளம் ஏறக்குறைய 19¼ மைல். 50 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்கள் நெடுந்தொலைவு இருந்தன. செல்ஃபம் என்னுமிடத்தில் ஓடையைக் கடக்க எட்டு வளைவுகளோடு 70 அடி உயரத்தில் கட்டிய செங்கற்பாலம் அவ்வளவு சிறிய இரயிலுக்கு அரண்மனை வாயில்போல் இருந்தது. 1898 மே 11 அன்று பாதையின் திறப்புவிழா நடந்தது. டாக்டர் உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை அச்சேற்றிய ஆண்டும் அதுவே.

எஞ்சின்களுக்கு ஆறுகளின் பெயர்களைச் சூட்டினர். அவையும் ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயர்களாகவே அமையவேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு. யாப்பறிந்த கூட்டத்தார் இதை மெச்சாமல் இருக்க முடியாது. யோ, எக்ஸ், டா என்னும் மூன்றும் லீட்ஸ் நகரத்து மேனிங் வார்டில் ஆலையில் உருவானவை. நான்காவதாக ஒன்று தேவைப்பட்டபோது இங்கிலாந்தின் எஞ்சின் தொழிற்சாலைகளை 1897இன் கதவடைப்பு முடக்கிவிட்டிருந்தது. எட்டுமணிநேர வேலை கேட்ட தொழிலாளர்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். அதனால் வேலை அமெரிக்காவுக்குச் சென்றது. பிலடெல்பியாவின் பால்ட்வின் ஆலை செய்த எஞ்சின் பகுதி பகுதியாகக் கடல் கடந்து வந்து பார்ன்ஸ்டபிளில் பூட்டப்பட்டது. அதன் பெயர் லின். ஆங்கிலச் சகோதரிகள் மூவருக்கு நடுவே அமெரிக்க முகத்தோடு ஒரு நாத்தனார் வந்ததுபோல் அது தனித்துத் தெரிந்தது. 1923இல் பாதை சதர்ன் இரயில்வேயின் கைக்கு மாறியது. புதிய உடைமையாளர் 1925இல் மேனிங் வார்டிலிடமே இன்னுமொரு எஞ்சினை வாங்கினர். அதுதான் லியூ.

ஓர் இரயில் சாவதற்கு விபத்து வேண்டுவதில்லை. சாலைகள் செப்பனிடப்பட்டன, மோட்டார் வண்டிகள் பெருகின. இரயிலில் ஒன்றரை மணிநேரம் பிடித்த பயணம் பேருந்தில் விரைந்து முடிந்தது, அதுவும் ஊர் நடுவிலேயே இறங்கும் வசதியோடு. பாதையை மூடக்கூடாது என்று முறையிடப் பார்ன்ஸ்டபிளில் கூட்டிய கூட்டத்துக்கு லின்டன் பிரதிநிதிகள் மோட்டார் காரில் வந்திறங்கினர் என்றொரு கதை அங்கே இன்றும் சொல்லப்படுகிறது. கதை மெய்யோ அன்றோ, வழக்கின் தீர்ப்பு அதிலேயே இருக்கிறது.

1935 நவம்பரில் ஏலம் நடந்தது. யோ, எக்ஸ், டா, லின் நான்கும் இருந்த இடத்திலேயே பழைய இரும்பாக வெட்டப்பட்டன. பெட்டிகள் தோட்டக் கொட்டகைகளாகவும் கோடைக் குடில்களாகவும் விலைபோயின. லியூவுக்கு மட்டும் வேறொரு விதி காத்திருந்தது. பாதையைப் பிரித்தெடுக்கும் வேலையை ஏற்றவர்களுக்கு, பிரித்த தண்டவாளங்களை ஏற்றிச்செல்ல ஓர் எஞ்சின் தேவைப்பட்டது. லியூ அதற்குப் பயன்பட்டது. தான் ஓடிய பாதையைத் தனக்குப் பின்னாலேயே சுருட்டிக்கொண்டு வரும் வேலை! வேறெந்தப் பொருளுக்கும் அத்தகைய பணி வாய்த்ததாக நான் படித்ததில்லை. 1936 செப்டம்பரில் அந்த வேலையும் முடிந்தது. லியூவை ஸ்வான்சி துறைமுகத்துக்குக் கொண்டுசென்று சபோர் என்னும் கப்பலில் ஏற்றினர். கப்பல் சென்றது பிரேசில் நாட்டின் பெர்னம்புகோவுக்கு.

அத்தோடு செய்தி நின்றுவிடுகிறது. பெர்னம்புகோ கரும்பு விளையும் சீமை. ஆலைகளுக்குக் கரும்பு சுமக்கும் குறுகிய இருப்புப்பாதைகள் அங்கே ஏராளம். லியூ அவற்றுள் ஒன்றில் உழைத்துத் தேய்ந்திருக்கலாம். பிற்காலத்தில் அன்பர்கள் கடல் கடந்தும் தேடினர், கடிதங்கள் எழுதினர், பழம் படங்களைத் துருவிப் பார்த்தனர். ஐயமற்ற தடயம் எதுவும் அகப்படவில்லை. அதைச் சுமந்து சென்ற சபோர் கப்பலும் 1943இல் தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில் நீர்மூழ்கிக் கப்பலொன்றால் மூழ்கடிக்கப்பட்டது. எஞ்சினைச் செய்த மேனிங் வார்டில் ஆலையோ 1927இலேயே கதவை மூடியிருந்தது. செய்தவர் இல்லை, ஓடிய பாதை இல்லை, சுமந்த கப்பலும் இல்லை. ஒரு பொருள் இதற்குமேல் மறைந்துபோக முடியாது.

இன்னும் பதினாறு ஆண்டுகள் அந்தப் பாதை தாக்குப்பிடித்திருந்தால் கதையே வேறாகியிருக்கும் என்பது என் துணிபு. ஏனெனில் வேல்ஸ் நாட்டின் டாலிலின் என்னும் சிற்றிரயில் மூடப்படும் நிலையில் இருந்தபோது, அதை ஊதியம் பெறாத ஆர்வலர்களே ஏற்று நடத்தலாம் என்று 1950இல் பர்மிங்காமில் ஒரு சங்கம் கூடிற்று. 1951 மே மாதத்தில் அவர்களே இரயிலை ஓட்டினர். உலகில் இவ்வகையில் காக்கப்பட்ட முதல் இரயில் அதுவே. அதற்கு முன்னின்றவர் எல்.டி.சி. ரோல்ட், ஓர் எழுத்தாளர். ஒரு பதிப்பாளர் இரயிலைக் கட்டினார். ஓர் எழுத்தாளர் இரயிலைக் காத்தார். இரும்புக்கும் எழுத்துக்கும் தொலைவு என்று எண்ணுவோர் இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் கொள்ளலாம்.

டாலிலின் காட்டிய வழியில் வேல்ஸின் இன்னொரு பாதையும் எழுந்தது. ஃபெஸ்டினியோக் மலைகளிலிருந்து சிலேட்டுக் கற்களைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக 1836இல் திறந்த பாதை அது. 1946இல் நின்றுபோய், 1955 முதல் சிறிது சிறிதாக உயிர்பெற்று, 1982இல் மீண்டும் மலையுச்சி ஊரை எட்டியது. அதன் பாஸ்டன் லாட்ஜ் பணிமனை நம் கதைக்கு இன்றியமையாதது. கடற்கரை அணையின் ஓரத்தில் கற்சுவர்களோடு நிற்கும் அந்தப் பட்டறையில் 1879இல் 'மெர்த்தின் எம்ரிஸ்' என்னும் இருமுக எஞ்சினைச் செய்தனர். சரியாக நூறாண்டு கழித்து 1979இல் அதே பட்டறையிலிருந்து இன்னொரு இருமுக எஞ்சின் வெளிவந்தது; 1992இல் மற்றொன்று. 1999இல் 'தலியெசின்'. ஆறாம் நூற்றாண்டு வேல்ஸ் கவிஞர் ஒருவரின் பெயர் அது. அப்பெயர் தாங்கிய 1876ஆம் ஆண்டு எஞ்சின் 1930களில் உடைக்கப்பட்டது. அதற்கு ஈடாக அதே பெயரில் புதியது எழுந்தது. கவிஞன் பெயரை எஞ்சினுக்குச் சூட்டும் நாட்டார், அந்த எஞ்சின் அழிந்தபின் பெயர் அழிய விடவில்லை.

லின்டன் பாதையின் தண்டவாள அகலமும் ஃபெஸ்டினியோக் பாதையின் அகலமும் ஒன்றே. அதனால் டெவனில் சிதறியவற்றுள் சில வேல்ஸுக்கு வந்து சேர்ந்தன. ஸ்நாப்பர் என்ற சிறு நிறுத்தத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த பயணிகள் பெட்டியொன்றை 1959இல் ஃபெஸ்டினியோக்கார்கள் வாங்கிச் செப்பனிட்டு ஓடவிட்டனர். இன்னொரு பெட்டி, ஒரு பாதிரியார் இல்லத் தோட்டத்தில் கோடைக் குடிலாக நின்றிருந்தது, யார்க் நகரத்துத் தேசிய இரயில் அருங்காட்சியகத்தை அடைந்தது. பெட்டிகள் இருந்தன, அவற்றை இழுத்தவை இல்லை. 1990களில் பாஸ்டன் லாட்ஜில் அந்தக் குறையைத் தீர்க்கும் வேலை தொடங்கியது. லியூவை மாதிரியாகக் கொண்ட புதிய எஞ்சின். நன்கொடையாலும் ஓய்வுநேர உழைப்பாலும் நடந்த வேலை ஆகையால் ஆண்டுகள் பல உருண்டன. 2010இல் அது முதன்முதலாக நீராவி கண்டது.

இல்லாத ஒன்றை மீண்டும் செய்வது எப்படி? வரைபடங்கள் உண்டு, புகைப்படங்கள் உண்டு. ஆனால் வரைபடம் என்பது அறிந்தவன் அறிந்தவனுக்கு எழுதிய குறிப்பு. அந்நாளைய பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்ததை எவரும் வரைந்து வைப்பதில்லை. உரையில்லாத சூத்திரத்தைப் படிப்பது போன்ற நிலை அது. ஓர் ஆணி எந்தப் பக்கமிருந்து செருகப்பட்டது, இரண்டு தகடுகளுக்கிடையே எவ்வளவு இளக்கம் விட்டனர் என்பதையெல்லாம் செய்து பார்த்தே கண்டறிய வேண்டும்.

ஒன்றிரண்டு வேலைகளை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். வார்க்க வேண்டிய ஒவ்வோர் உறுப்புக்கும் முதலில் மரத்தில் மாதிரி செதுக்க வேண்டும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். ஆகையால் மாதிரி, வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். அந்த 'சற்று' எவ்வளவு என்பதில்தான் தச்சனின் தேர்ச்சி இருக்கிறது. மாதிரியை மணலில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சக்கரத்தின் நடுப்பகுதி இவ்வாறு வார்ப்பில் வரும். அதன் விளிம்பில் தனியாக எஃகுப் பட்டை பூட்டப்படும். பட்டையின் உள்விட்டம் சக்கரத்தைவிட மயிரிழை சிறியது. நெருப்பில் காய்ச்சினால் விரியும். விரிந்த நிலையில் சக்கரத்தின்மேல் இறக்கினால், ஆறும்போது இறுகிக் கவ்விக்கொள்ளும். நம் ஊர்க் கொல்லர்கள் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டதைப் பார்த்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. வரட்டி அடுக்கி வட்டமாகத் தீ மூட்டி, சிவந்த பட்டையை இடுக்கியால் தூக்கிவந்து சக்கரத்தில் பொருத்தி, ஓவென்று ஆவி எழத் தண்ணீர் ஊற்றும் அந்த வேலையும் இதுவும் ஒன்றே. அளவு மட்டும் வேறு.

மேனிங் வார்டில் எஞ்சின்களின் உயிர்நாடி அவற்றின் வால்வு அமைப்பு. நீராவி உருளைக்குள் எந்த நொடியில் நுழையவேண்டும், எந்த நொடியில் வெளியேறவேண்டும் என்பதை ஆள்வது அது. பெரும்பாலான பழைய எஞ்சின்களில் இதற்கான அசைவு அச்சிலே பூட்டிய வட்டுகளிலிருந்து பிறக்கும். டேவிட் ஜாய் என்ற பொறியியலாளர் 1879இல் காப்புரிமை பெற்ற முறையில், சக்கரத்தைச் சுழற்றும் இணைப்புத்தண்டின் நடுவிலேயே ஒரு துளையிட்டு அங்கிருந்து அசைவை எடுத்துக்கொள்வார்கள். உறுப்புகள் குறையும்; எடையும் குறையும். ஆனால் பெரும்பாரத்தைத் தாங்கும் தண்டின் நடுவிலேயே துளையிடுவது அதை நலிவுறச் செய்யாதோ? செய்யும். வில்களின்மேல் எஞ்சின் ஏறி இறங்கும்போது நீராவி நுழையும் நொடியும் சற்றே பிசகும். திருத்தமான வேறு முறைகள் இன்று உண்டு. ஆயினும் புதிய எஞ்சினுக்கும் ஜாய் முறையையே அமைத்தனர். பிழையென்று தெரிந்தும் மூலத்தின் பாடத்தை மாற்றாத பதிப்பாசிரியரின் மனம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. இவ்வாறு செய்தது உண்மையான எஞ்சின்தானா, வெறும் போலியா? அருங்காட்சியகத்தார் இதில் கண்டிப்பானவர்கள். யார்க்கில் நிற்கும் பெட்டியின் மரத்தில் மழைபட்ட கறை இருக்கிறது. அதில் அமர்ந்து சென்றோரின் உடல் உராய்ந்த தேய்வு இருக்கிறது. புதிய எஞ்சினில் அத்தகைய சான்று எதுவும் இல்லை. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஏடுகளின் மரபில் வந்த நமக்கு மறுமொழி சொல்லவும் தெரியும். புறநானூற்றுப் புலவர் எவரும் எழுதிய ஏடு ஒன்றுகூட இன்றில்லை. செல்லரிக்குமுன் ஒருவர் படியெடுத்தார். அந்தப் படி செல்லரிக்குமுன் இன்னொருவர் படியெடுத்தார். நம்மை வந்தடைந்தவை படிகளின் படிகள். அவற்றைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. பனையோலை அன்று பாட்டு. அதுபோல் இரும்பு அன்று எஞ்சின் என்று சொல்லலாமா? முழுதும் சொல்லிவிட முடியாது. பாட்டுக்கு உடல் இல்லை, எஞ்சினுக்கு உண்டு. ஆயினும் படியெடுத்தவன் ஏட்டை மட்டும் காக்கவில்லை. பழைய எழுத்தைப் படிக்கும் பயிற்சியையும் சேர்த்தே காத்தான். படியெடுப்பார் இல்லாத தலைமுறையில் ஏடு பெட்டியில் இருந்தும் பயனில்லாமற்போகும். பாஸ்டன் லாட்ஜில் மரமாதிரி செதுக்கவும், பட்டை இறக்கவும், வால்வு திருத்தவும் கற்ற இளைஞர்கள் உருவானார்கள். எந்தக் கண்ணாடிப் பேழையும் அதைச் செய்வதில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பான செயல் ஒன்று நிகழ்ந்தது. நீலகிரி மலை இரயிலின் சுவிட்சர்லாந்து எஞ்சின்கள் மூப்படைந்தபோது, திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையில் 2010களில் அதே வகையில் புதியவை கட்டப்பட்டன. எண்ணெயால் எரிபவை முதலில் வந்தன. நிலக்கரியால் எரிவது 2021இல் வெளிவந்தது. அது குறுகிய பாதையன்று, மீட்டர் கேஜ், பற்சக்கரத்தால் மலையேறுவது. அங்கே பாதை என்றும் சாகவில்லை. தாயின் வேலையை மகள் ஏற்றாள், அவ்வளவே. டெவனிலோ நடுவே எழுபத்தைந்து ஆண்டு வெற்றிடம்.

வெற்றிடத்துக்கு அப்பால் பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் இடுவது? இங்கேதான் அந்த அன்பர்களின் நுண்ணுணர்வு விளங்குகிறது. அச்சு அசல் லியூவைப்போல் செய்த எஞ்சினுக்கு லியூ என்று பெயரிடவில்லை. டெவனில் ஓடும் இன்னோர் ஆற்றின் பெயரை, மூன்றெழுத்து ஒழுங்கு பிறழாமல், தேர்ந்தனர்: லிட். பழைய இரயில் நீடித்திருந்தால் அடுத்து வந்திருக்கக்கூடிய தங்கை என்ற முறையில் அதை அமைத்தனர். லியூவின் சாவை யாரும் கண்டதில்லை. ஈமக்கடன் முடியாதவரின் பெயரை மற்றொருவருக்கு எப்படி இடுவது என்ற தயக்கம் இதில் இருப்பதாக நான் படித்துக்கொள்கிறேன். பால்ட்வின் ஆலையின் லின் அப்படியன்று. அது வெட்டப்பட்டது எல்லோரும் அறிந்தது. ஆகவே மற்றொரு குழுவினர் அதைப் புதிதாகச் செய்வித்து 2017இல் நிறைவேற்றியபோது, லின் என்ற பெயரையே சூட்டினர். வெளித்தோற்றம் 1898, உள்ளே இக்காலத்து முறைகள் சில. லிட் மூலபாடத்தைப் போற்றிப் பெயரை மாற்றியது; லின் பெயரைப் போற்றிப் பாடத்தைத் திருத்தியது. எது நேர்மையான பதிப்பு என்று நம் வட்டத்தில் ஒரு மாலை வாதிடலாம். என் வாக்கு லிட்டுக்கு.

டெவனில் பாதையும் காத்திருக்கவில்லை. 1979இல் அன்பர்கள் சங்கம் அமைத்தனர். 1995இல் வுடி பே நிலையத்தை வாங்கினர். கடல்மட்டத்திலிருந்து 964 அடி உயரத்தில், காற்று ஓயாத மேட்டில் நிற்கும் நிலையம் அது. 2004இல் அங்கே மீண்டும் இரயில் ஓடியது; 2006இல் கில்லிங்டன் லேன் வரை பாதை நீண்டது. மொத்தம் ஏறக்குறைய ஒரு மைல். பத்தொன்பதே கால் மைலில் ஒரு மைல்! ஏளனம் செய்வோர் செய்யட்டும். வயலாகவும் வீட்டுமனையாகவும் மாறிப்போன நிலத்தைத் துண்டு துண்டாகத் திரும்பப் பெறும் வேலை எத்தகையது என்பது, பிரிந்துபோன குடும்பச் சொத்தை ஒன்றுசேர்க்க முயன்றவர்களுக்கே தெரியும். பாதை மூடி எழுபத்தைந்து ஆண்டு நிறைந்த 2010 செப்டம்பரில் லிட் வேல்ஸிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டது. லியூவின் சாயல் அந்த மேட்டில் மீண்டும் புகைவிட்டது.

ஓட்டும் வேலை கட்டும் வேலைக்கு இளைத்ததன்று. பயணிகள் வருவதற்குப் பல மணிநேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டும். அவசரப்படலாகாது. கொதிகலனின் தகடும் குழாயும் வெவ்வேறு விரைவில் விரியும். நெருப்பைத் திடீரென்று ஓங்கவிட்டால் இணைப்புகள் கசியும். ஆவி ஏறும்வரை எண்ணெய்க் குவளையோடு எஞ்சினைச் சுற்றிவந்து ஒவ்வொரு மூட்டாக எண்ணெயிட வேண்டும். ஓடத் தொடங்கியபின் பயர்மேனின் கண் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைவிட்டு நெடுநேரம் அகலாது. நெருப்பறையின் கூரையைவிட்டு நீர் இறங்கினால் அனைத்தும் பாழ். கொதிகலனுக்குள் நீர் செலுத்தும் இன்ஜெக்டர் ஒரு விந்தை: கொதிகலனிலிருந்து எடுத்த ஆவியே, அந்தக் கொதிகலனின் அழுத்தத்தை வென்று, புதிய நீரை அதற்குள் தள்ளுகிறது. முதன்முறை கேட்பவர் நம்பமாட்டார். கற்றவர்களும் வியப்பு நீங்கியதில்லை. ஏற்றத்தில் ஓட்டுநரும் பயர்மேனும் பேசிக்கொள்வதில்லை. புகைபோக்கியின் ஒலியிலிருந்தே ஒருவர் மற்றவரின் தேவையை அறிந்துகொள்வார்.

ஓட்டம் முடிந்தபின் சாம்பல் வாரவேண்டும்; குறித்த இடைவெளியில் கொதிகலனைக் குளிரவிட்டு உட்படிந்த உப்பைக் கழுவ வேண்டும். பத்தாண்டு அளவில் ஒரு பெருஞ்சோதனை வரும். அந்நாட்டு மரபு இரயில்களின் வழக்கப்படி, கொதிகலனை எஞ்சினிலிருந்து கழற்றி, குழாய்களை உருவி, உட்புறம் முழுவதையும் ஆய்ந்து, அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கிறதா என்று பார்த்தபின்பே மேலும் ஓட்டலாம். வெளியே மெருகு எவ்வளவு மின்னினாலும் ஆய்வாளர் பார்ப்பது உள்ளே. பத்தாவது ஆண்டு மலருக்கு எழுதும்போது இந்த விதி நினைவுக்கு வந்தது தற்செயல்தான் என்று வட்டத்தார் நம்புவார்களாக.

இன்னுமொரு செய்தி எஞ்சியிருக்கிறது. லியூவுக்குச் சதர்ன் இரயில்வே கொடுத்த எண் 188. தங்கையாகிய லிட் 190 என்ற எண்ணைத் தாங்கியது. 1948இல் பிரிட்டனின் இரயில்கள் நாட்டுடைமையானபோது, சதர்ன் எஞ்சின்களின் பழைய எண்ணோடு முப்பதாயிரம் கூட்டிப் புதிய எண் இட்டார்கள். லின்டன் பாதையோ அதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே மூடிவிட்டது. அந்த எண்ணை அங்கே எந்த எஞ்சினும் பெற வாய்ப்பே இல்லை. ஆயினும் லிட்டுக்கு ஒருகாலத்தில் நாட்டுடைமைக் காலத்துக் கறுப்பு வண்ணம் பூசி, 30190 என்று எழுதினர். நிகழாத 1948இல், மூடப்படாத பாதையில், வெட்டப்படாத சகோதரிகளோடு ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் எண் அது. கறுப்பு லிட் ஃபெஸ்டினியோக் மலைச்சரிவில் ஏறுவதைக் கண்ட சுற்றுலாப் பயணிகளுள் பெரும்பாலோர் அதைப் பழைய எஞ்சின் என்றே எண்ணிக் கையசைத்தார்கள்.